ஆறாவது ஆள்

எங்கள் அணியின் ஏழாம் நம்பர் சிமென்ட் தரையில் முழங்கால் உரசி விழுந்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். அவன் என் வகுப்பு. ஒரே கிராமத்திலிருந்து ஒரே டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் நாங்கள். குனிந்து அவன் தோளைப் பிடித்தபோதுதான் தெரிந்தது, ஆட்டம் நிற்கவே இல்லை. பந்து எதிரணியிடம் போய்விட்டிருந்தது. அவர்களில் ஒருவன் தனியாக எங்கள் ரிங்கை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். நடுவர் என்னைப் பார்த்தார். விசில் அவர் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை. அந்தப் பையன் லே-அப் போட்டு, பந்து வலைக்குள் இறங்கித் தரையைத் தொட்ட பிறகுதான் ஊதினார்.

1990-களின் நடுப்பகுதி அது. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானம், குறுவட்டப் போட்டி. நான் போட்டிருந்த பனியனில் 15 என்று எழுதியிருந்தது. அப்போதெல்லாம் கூடைப்பந்தில் எண்கள் 4-இல் தொடங்கி 15-இல் முடியும். பன்னிரண்டு பேரில் கடைசி ஆள் என்று அதை நாங்கள் எடுத்துக்கொள்வோம். அந்த ஆட்டத்தில் நான் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ஆனால் எங்கள் கோச்சின் பெயரில் ஒரு டெக்னிக்கல் ஃபவுல் ஏறியது என்னால். அன்றைய சட்டப்படி எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதற்கு மேல் பந்தும் அவர்களுக்கே.

திரும்பும்போது பஸ்ஸில் அந்த நடுவரை எல்லோரும் சேர்ந்து திட்டினோம். எங்கள் பையன் அடிபட்டுக் கிடக்கும்போது எதிரணியை லே-அப் போட விட்டாரே, அவர் அவர்களுக்கு வேண்டியவர் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பல வருடம் கழித்து, சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் சட்டப் புத்தகத்தை உட்கார்ந்து படித்தபோது, அவர் செய்தது அத்தனையும் சரி என்று தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமும் வந்தது. அந்த வயதில் இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. டிரிபிள் சொல்லித்தந்தார்கள், பாஸ் சொல்லித்தந்தார்கள், ஃப்ரீ த்ரோவுக்கு எப்படி நிற்பது என்று சொல்லித்தந்தார்கள். பெஞ்சில் எப்படி உட்காருவது என்று யாரும் சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமப்புற மைதானங்களில் இப்போதும் அதே காட்சியைப் பார்க்கிறேன்.

அவர் ஏன் ஊதவில்லை?

ஆட்டக்காரர் ஒருவர் அடிபட்டு விழுந்தால் நடுவர் என்ன செய்ய வேண்டும் என்பதில் சட்டத்துக்குக் குழப்பம் இல்லை. பந்து ஆட்டத்தில் இருந்தால், அதை வைத்திருக்கும் அணி கூடையை நோக்கி எறியும் வரை, அல்லது பந்தை இழக்கும் வரை, அல்லது தானாகவே ஆடாமல் பந்தை வைத்துக்கொண்டு நிற்கும் வரை பொறுக்க வேண்டும். விழுந்தவரைக் காப்பாற்ற வேண்டிய அவசரம் இருந்தால் மட்டும் அந்த நொடியே நிறுத்தலாம். முழங்கால் சிராய்ப்பு அந்த வகையில் சேராது. அந்த நடுவர் ஏழாம் நம்பரை ஒரு பார்வை பார்த்தார், ஆபத்தில்லை என்று முடிவு செய்தார், ஆட்டத்தை ஓடவிட்டார்.

பெஞ்சிலிருந்து ஒருவன் உள்ளே புகுந்தாலும் நியாயம் அதேதான். நான் கோட்டைத் தாண்டிய நொடியே அவர் ஊதியிருந்தால், தனியாக ரிங்கை நோக்கிப் போனவனின் இரண்டு புள்ளி போயிருக்கும். தப்பு என்னுடையது, நஷ்டம் அவனுக்கு. நடுவர்கள் அப்படி ஊத ஆரம்பித்தால், தோற்கப்போகிற ஒவ்வொரு அணியும் பெஞ்சிலிருந்து ஒருவனை உள்ளே தள்ளி ஆட்டத்தை நிறுத்தப் பழகிக்கொள்ளும். பழகிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2013 நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில் புரூக்ளின் நெட்ஸ் கோச் ஜேசன் கிட், கையில் டைம் அவுட் மிச்சமில்லாத கடைசி நொடிகளில், தன் ஆட்டக்காரர் ஒருவர் வந்து இடிக்கும்படி செய்து கையிலிருந்த குளிர்பானத்தைத் தரையில் கொட்டினார். தரையைத் துடைக்க ஆட்டம் நின்றது. அவருக்கு வேண்டியிருந்த அவகாசம் கிடைத்தது. பிறகு 50,000 டாலர் அபராதமும் கிடைத்தது. கோடிகளில் சம்பளம் வாங்கும் இடத்திலேயே இந்த வேலை நடக்கிறது.

ஆகவே விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் இருக்கும் அந்த இரண்டு நொடிதான் நடுவரின் முழுத் திறமையும் தெரிகிற இடம். பார்க்கிறவர்களுக்கு அவர் தூங்குவதுபோலத் தெரியும். கூட்டம் கத்தும். அவர் தாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆறு பேர் ஆடினால்

கிராமப்புற ஆட்டங்களில் இதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று. டைம் அவுட் முடிகிறது. கோச் ஒருவனை உள்ளே போகச் சொல்கிறார். வெளியே வர வேண்டியவன் காதில் அது விழவில்லை, அல்லது விழுந்தும் மனமில்லை. ஆட்டம் தொடங்குகிறது. ஐந்து பேர் இருக்க வேண்டிய அணியில் ஆறு பேர். முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வேப்ப மரத்தடியில் நிற்கும் பார்வையாளர்கள். “சார், ஆறு பேரு!” என்று எழும் கூச்சலை இந்தப் பக்கத்தில் பந்து தொட்ட எவரும் கேட்டிருப்பார்கள்.

ஆறாவது ஆளைக் கண்டதும், எதிரணியின் வாய்ப்பைக் கெடுக்காமல் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அதிகப்படி ஆள் வெளியேற வேண்டும். மாற்று ஆட்டக்காரர் சரியாக இறங்குவதற்குக் கோச்சே பொறுப்பு என்பதால் டெக்னிக்கல் ஃபவுல் அவர் பெயரில்தான் எழுதப்படும். இன்றைய சட்டத்தில் அதற்குத் தண்டனை ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ. பிறகு எங்கே நின்றதோ அங்கிருந்தே ஆட்டம் தொடரும். என் காலத்துத் தண்டனையோடு பார்த்தால் பாதிகூட இல்லை. அணியின் ஃபவுல் கணக்கிலும் அது சேராது. ஆனால் கோச்சின் கணக்கில் சேரும். பெஞ்ச் செய்த தவறுகளுக்காக மூன்று டெக்னிக்கல் எழுதப்பட்டால், வாயே திறக்காத கோச்சும் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

பலர் நம்ப மறுக்கும் பகுதி அடுத்தது. ஆறு பேர் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அணி கூடை போட்டிருந்தால்? அந்தப் புள்ளிகள் செல்லும். ஆறாவது ஆளே போட்டிருந்தாலும் செல்லும். அவன் யாரையாவது இடித்திருந்தால் அந்த ஃபவுலும் சாதாரண ஆட்டக்காரனின் ஃபவுலாகவே அவன் கணக்கில் ஏறும். இதைக் கேட்டதும், “அது எப்படிங்க நியாயம்?” என்று சண்டைக்கு வராத கிராமத்து அணித் தலைவனை நான் பார்த்ததில்லை.

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இப்போது அது சரி என்று நினைக்கிறேன். புள்ளிகளைத் திரும்ப எடுக்கலாம் என்று வைத்தால், ஆறாவது ஆள் எந்த நொடியில் உள்ளே வந்தான் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வீடியோ இல்லாத ஒரு மைதானத்தில் அதை யார் சொல்வது? ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு நேரம் சொல்லும். நடந்ததை அழிக்க முடியாது என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் நடக்கும் முன்பே எண்ணச் சொல்கிறது. நல்ல நடுவர் ஒவ்வொரு டைம் அவுட்டுக்குப் பிறகும், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், பந்தைக் கையில் கொடுக்கும் முன் ஐந்தும் ஐந்தும் பத்து என்று எண்ணிவிட்டுத்தான் கொடுப்பார். இந்த வட்டாரத்தில் எண்ணாமல் பந்தைக் கொடுக்கும் நடுவர்கள் இருக்கிறார்கள். ஆறாவது ஆளுக்காகக் கோச்சைத் தண்டிக்கும்போது அவர்கள் தங்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கூடைப்பந்தில் ஓர் ஆள் மாறுவது எப்படி என்று பாருங்கள். உள்ளே போக வேண்டியவன் தானே ஸ்கோரரிடம் போக வேண்டும். அவனுக்காகக் கோச் போய்ச் சொன்னால் செல்லாது. இரண்டு கைகளையும் மார்புக்கு முன் குறுக்காக வைத்துக் காட்ட வேண்டும். அல்லது அங்கே அதற்கென்று இருக்கும் நாற்காலியில் போய் உட்கார வேண்டும். பந்து நின்று, கடிகாரமும் நின்ற பிறகு மேசையிலிருந்து ஒலி எழும். அப்போதும் அவன் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். நடுவர் பார்த்து, விரித்த உள்ளங்கையைத் தன் பக்கம் அசைத்துக் கூப்பிட்ட பிறகே உள்ளே கால் வைக்கலாம். வெளியே வருகிறவனுக்கு இந்த விதி எதுவும் இல்லை. அவன் யாரிடமும் சொல்லாமல் நேராகப் பெஞ்சுக்குப் போகலாம். உள்ளே நுழைவதற்குத்தான் இத்தனை வாசல்.

இந்த ஊர்ச் சுவரில் ஒரு கை

நடுவரின் அந்த விரித்த உள்ளங்கையைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கல்வெட்டு நினைவுக்கு வரும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை குடவோலைத் தேர்தலைச் சொல்கின்றன. மேடையில் பேசுகிறவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்வது தகுதிப் பட்டியலை: வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ், கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அந்தச் சபை ஊரில் எல்லோருக்குமானது அல்ல; நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என்னை அந்தச் சுவருக்குத் திரும்பத் திரும்ப இழுப்பது தகுதிப் பட்டியல் இல்லை, ஓலை எடுக்கும் முறை. ஓலைகள் இட்ட குடத்தைச் சபை முழுவதும் பார்க்கும்படி வயதில் மூத்த ஒருவர் தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். அவனிடமிருந்து வாங்கும் மத்தியஸ்தன், ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் ஏற்க வேண்டும். வாங்கியதை வாசிக்க வேண்டும். மண்டபத்தில் இருக்கும் மற்றவர்களும் அதை வாங்கி வாசிக்க வேண்டும்.

ஐந்து விரல் விரிய வேண்டும் என்று ஒருவர் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார். உள்ளங்கையில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருந்த ஒரு மத்தியஸ்தனை அவர்கள் பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நடுவில் நிற்பவன் நேர்மையானவனாக இருந்தால் மட்டும் போதாது, அவன் கை எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. கூடைப்பந்து நடுவர் கடிகாரத்தை நிறுத்தத் திறந்த உள்ளங்கையை உயர்த்துகிறார். ஆள் மாற்றத்துக்கும் திறந்த உள்ளங்கையால் அழைக்கிறார். இந்த ஆட்டத்தில் ஸ்கோரருக்குச் சொல்லும் ஒவ்வொன்றும் வாயால் மட்டும் இல்லை, கையாலும் காட்டப்படுகிறது. மரத்தடியில் நிற்பவருக்கும் அது தெரிய வேண்டும்.

எங்கள் பக்கத்து நடுவர்களில் சிலர் இந்தச் சைகைகளைச் சுருக்கிக்கொள்கிறார்கள். ஒரு விசில், ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். என்ன தவறு, யார் பெயரில், எத்தனை எறிதல் என்று மைதானத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் பார்த்த கைகலப்புகளில் பல அந்தத் தெரியாமையில் தொடங்கியவை.

விலக்கப் போனவன்

கைகலப்பு வந்துவிட்டால் சட்டத்தின் முகமே மாறிவிடுகிறது. அதுவரை ஒரு ஃப்ரீ த்ரோவோடு விட்ட அதே சட்டம், சண்டை நடக்கும்போதோ சண்டைக்கு வழிவகுக்கக்கூடிய நிலையிலோ பெஞ்ச் பகுதியை விட்டு வெளியே வந்த மாற்று ஆட்டக்காரர் அனைவரையும் ஆட்டத்திலிருந்து நீக்கச் சொல்கிறது. அடித்தானா, தடுத்தானா, சும்மா நின்றானா என்று கேட்காது. தலைமைக் கோச்சும் முதல் உதவிக் கோச்சும் மட்டும் உள்ளே வரலாம், அதுவும் ஒழுங்கை மீட்க நடுவருக்கு உதவுவதற்கு.

2018 ஜூலை 2 அன்று பிலிப்பைன்ஸில் நடந்தது இந்தச் சட்டத்தின் எல்லை. உலகக் கோப்பை ஆசியத் தகுதிச் சுற்று. பிலிப்பைன்ஸும் ஆஸ்திரேலியாவும் ஆடின. மூன்றாவது குவார்ட்டரில் ஆஸ்திரேலியா 31 புள்ளி முன்னால் இருந்தது. ஒரு தள்ளல், அதற்குப் பதிலாக முகத்தில் ஒரு முழங்கை. அடுத்த நொடி பெஞ்ச் காலியாகியது. நாற்காலிகள் பறந்தன. நடுவர்கள் வீடியோவைப் பார்த்து 13 ஆட்டக்காரர்களை வெளியேற்றினார்கள். ஒன்பது பேர் பிலிப்பைன்ஸ், நான்கு பேர் ஆஸ்திரேலியா. சொந்த நாட்டில், சொந்தக் கூட்டத்தின் முன் பிலிப்பைன்ஸிடம் மிஞ்சியது மூன்றே பேர். ஓர் அணிக்கு உள்ளே குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும். மூன்று பேரில் இருவர் ஃபவுல் எண்ணிக்கை நிரம்பி வெளியேற, ஒருவர் மட்டும் நின்றார். மூன்றாவது குவார்ட்டர் முடியும் முன்பே 89-53 என்று ஆட்டம் முடிந்தது. பிறகு பத்து பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்களுக்கும் மூன்று ஆஸ்திரேலியர்களுக்கும் ஃபிபா தடை விதித்தது.

அங்கே வெளியேற்றப்பட்டவர்களுக்காக யாரும் அதிகம் வருத்தப்படவில்லை. மனதைப் பிசைவது வேறு வகை வழக்குகள். 1997 மே 14, மயாமி, என்.பி.ஏ. ஆட்டம். நியூயார்க் நிக்ஸ் அணி தொடரில் 3-1 என்று முன்னால் இருந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் மயாமியின் பி.ஜே. பிரவுன், நிக்ஸின் சார்லி வார்டைத் தூக்கிக் கவிழ்த்தார். நிக்ஸ் பெஞ்ச் எழுந்தது. அணியின் தூணான பேட்ரிக் யூவிங் யாரையும் அடிக்கவில்லை. பெஞ்சை விட்டு நகர்ந்தார், அவ்வளவே. நிக்ஸில் ஐந்து பேருக்குத் தலா ஒரு ஆட்டம் தடை. அடுத்த இரண்டு ஆட்டங்களிலாகப் பிரித்து விதித்தார்கள். தொடரை மயாமி 4-3 என்று எடுத்துக்கொண்டது.

சரியாகப் பத்து வருடம் கழித்து, 2007 மே 14. ஃபீனிக்ஸ் சன்ஸின் ஸ்டீவ் நாஷை, ஆட்டம் முடிய 18 நொடி இருக்கும்போது, சான் அன்டோனியோவின் ராபர்ட் ஹோரி இடுப்பால் இடித்து ஸ்கோரர் மேசைமேல் தள்ளினார். சன்ஸ் பெஞ்சிலிருந்து அமாரே ஸ்டவுடமயரும் போரிஸ் டியாவும் சில அடி முன்னால் வந்தார்கள். உதவிக் கோச்சுகள் பிடித்து இழுத்துவிட்டார்கள். யாரையும் அவர்கள் தொடவில்லை. இருவருக்கும் ஒரு ஆட்டம் தடை. அவர்கள் இல்லாத அடுத்த ஆட்டத்தைச் சன்ஸ் 88-85 என்று மூன்றே புள்ளியில் இழந்தது; தொடரும் போனது. இடித்தவருக்கு இரண்டு ஆட்டம், எழுந்து நின்றவர்களுக்கு ஒரு ஆட்டம். அமெரிக்காவில் அந்தத் தீர்ப்பைப் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை.

அந்த இருவரின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். ஏழாம் நம்பர் விழுந்தபோது என் கால் என்னைக் கேட்காமல் ஓடியது. நாஷ் விழுந்தபோது அவர்கள் காலும் அப்படித்தான். பாசத்தில் எடுத்து வைத்த நான்கு அடிக்கு இவ்வளவு விலையா என்று மனசு கேட்கிறது. இருந்தாலும், சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. காரணம் 1977-இல் இருக்கிறது.

அந்த வருடம் டிசம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் லேக்கர்ஸ் - ராக்கெட்ஸ் ஆட்டம். இருவருக்கிடையே கைகலப்பு. ராக்கெட்ஸின் ரூடி டாம்யானோவிச் மைதானத்தின் இன்னொரு பகுதியிலிருந்து சண்டையை விலக்க ஓடி வந்தார். அவர் பெஞ்சில் இருந்தவர் இல்லை, ஆடிக்கொண்டிருந்தவர். முதுகுப் பக்கமிருந்து யாரோ பாய்ந்து வருவதை உணர்ந்த லேக்கர்ஸின் கெர்மிட் வாஷிங்டன், திரும்பியபடியே குத்தினார். முக எலும்புகள் நொறுங்கின. டாம்யானோவிச் உயிர் பிழைத்ததே பெரிது. அந்த சீசனில் அதன் பிறகு அவர் ஆடவே இல்லை. வாஷிங்டனுக்கு 60 நாள் தடை. அவர் பெயரோடு அந்த ஒரு குத்து கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

சண்டையை விலக்கப் போனவனுக்குத்தான் முதல் அடி என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். ஓடி வருகிறவன் விலக்க வருகிறானா, அடிக்க வருகிறானா என்று சண்டையில் இருப்பவனுக்குத் தெரியாது. நடுவருக்கும் தெரியாது. பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலும் இரண்டே நடுவர்கள். உள்ளே பத்துப் பேர். பெஞ்சில் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினான்கு மாற்று ஆட்டக்காரர்கள் வரை. பத்துப் பேரின் கைகலப்பை இரண்டு பேர் பிரித்துவிடலாம். இருபத்துநான்கு பேரின் கைகலப்பை முடியாது. பெஞ்ச் உட்கார்ந்தே இருந்தால் சண்டை ஒரு நிமிடத்தில் அடங்கும். இந்தத் தடையை நான் எழுந்தவனுக்கான தண்டனையாகப் பார்க்கவில்லை. அடுத்து எழப்போகிறவனை உட்கார வைக்கும் கை அது.

உதவி செய்யும் பாசத்துக்கு இப்போதைய சட்டத்தில் இன்னொரு விலையும் இருக்கிறது. பெஞ்சில் இருப்பவர்களில் யார் உள்ளே வந்து விழுந்தவனுக்கு உதவினாலும், விழுந்தவன் வெளியேறி அவனுக்குப் பதில் வேறொருவன் இறங்க வேண்டும். அடிபட்டவன் தானாகச் சுமார் 15 நொடியில் எழுந்து ஆடத் தயாரானால் தொடரலாம். ரத்தம் வந்தால் கட்டுப் போட்டு, நின்ற பிறகே திரும்பலாம். ஆபத்து என்று நினைத்தால் மருத்துவர் மட்டும் நடுவரைக் கேட்காமல் உள்ளே வரலாம். அன்றைக்கு இந்தச் சட்டம் இருந்திருந்தால், நான் தோளைத் தொட்டதாலேயே ஏழாம் நம்பர் பெஞ்சுக்குப் போயிருப்பான். அவன் எங்கள் அணியின் நல்ல ஷூட்டர்.

போடாத கோடு

இத்தனை தண்டனையும் ஒரு கோட்டைத் தாண்டியதற்கு. அந்தக் கோடு எங்கே?

பக்கக் கோட்டைச் சொல்லவில்லை. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் உள்ள மைதானத்துக்கு வெளியே, ஸ்கோரர் மேசை இருக்கும் பக்கத்தில், ஒவ்வொரு அணிக்கும் பெஞ்ச் பகுதி என்று ஒன்று குறிக்கப்பட வேண்டும். நடுக்கோட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளி ஒரு கோடு, மைதானத்தின் முனைக்கோட்டின் நீட்சியாக ஒரு கோடு. இரண்டும் குறைந்தது 2 மீட்டர் நீளம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெஞ்ச் இருக்க வேண்டும். சட்டம் ‘பெஞ்ச் பகுதியை விட்டு வெளியே’ என்று சொல்வது இதைத்தான்.

இந்த வட்டாரத்துப் பள்ளி மைதானங்களில் நான் அந்தக் கோட்டைப் பார்த்ததே அரிது. வகுப்பறையிலிருந்து தூக்கி வந்த மர பெஞ்ச் ஒன்று பக்கக் கோட்டை ஒட்டிக் கிடக்கும். உட்கார்ந்திருப்பவன் காலை நீட்டினால் மைதானத்துக்குள் இருக்கும். அதே பெஞ்சில் அணியின் பையும், தண்ணீர்க் கேனும், ஆட்டம் பார்க்க வந்த தம்பியும் இருப்பார்கள். மாற்று ஆட்டக்காரனுக்கு நாற்காலி கிடையாது. ஸ்கோரர் என்று உட்கார வைக்கப்பட்டிருப்பவன் வேறு வகுப்பு மாணவன்; அவனுக்கு ஒலி எழுப்பக் கருவி கிடையாது, எழுந்து கத்துவான். வெளியே எங்கே நிற்க வேண்டும் என்று காட்டாத இடத்தில், ஏன் உள்ளே வந்தாய் என்று பையனைத் தண்டிக்கிறோம். எனக்கு இதில்தான் ஆற்றாமை.

இந்தப் பிள்ளைகளுக்குக் கோடு தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். சாலவாக்கம், திருப்புலிவனம், மானாம்பதிப் பக்கத்திலிருந்து வருகிற பையன்கள் கபடியில் வளர்ந்தவர்கள். கபடியில் அவுட்டானவன் ஓரத்தில் வரிசையாக உட்காருவான். எந்த வரிசையில் போனானோ அதே வரிசையில்தான் திரும்புவான். அணித் தோழன் நடுவில் நான்கு பேரிடம் மாட்டிக்கொண்டு மூச்சுப் பிடித்துப் போராடும்போதும் அவன் எழ மாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருப்பான். அந்தக் கட்டுப்பாடு ரத்தத்தில் வந்ததில்லை. சின்ன வயதிலிருந்து, கோடு போட்டுக் காட்டி, உட்கார வைத்துப் பழக்கியதால் வந்தது. அதே பையன் சிமென்ட் தரைக்கு வந்ததும் எழுந்து ஓடுகிறான் என்றால், இங்கே பழக்கத் தவறியது நாம்தான்.

நம் ஊரில் விசில் பிடிப்பவர்கள் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர்கள். 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து கிளைத்த பெரிய மரபு அது. கூடைப்பந்தே ஒய்.எம்.சி.ஏ.வில் பிறந்த ஆட்டம்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதை உருவாக்கினார். அவர் எழுதிய பதின்மூன்று விதிகளிலேயே, வேண்டுமென்று காயப்படுத்தியவன் ஆட்டம் முடியும் வரை வெளியே, அவனுக்கு மாற்று ஆள் கிடையாது என்று இருக்கிறது. பிறகு சில ஊர்களில் மைதானத்தைச் சுற்றிக் கம்பி வலையே கட்டினார்கள், பந்தும் ஆட்டக்காரர்களும் வெளியே போகாமலும் கூட்டம் உள்ளே வராமலும் இருக்க. இன்று அந்த வலை இல்லை. அது செய்த வேலையை இரண்டு மீட்டர்க் கோடு செய்கிறது.

ஒரு பள்ளியில் ஒரே உடற்கல்வி ஆசிரியர் பிரேயரிலிருந்து கபடி, வாலிபால், தடகளம், அணிவகுப்பு வரை எல்லாவற்றையும் பார்க்கும்போது, பெஞ்ச் பழக்கத்துக்கு அவருக்கு நேரம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இதற்குத் தனி வகுப்பு வேண்டாம். பயிற்சி ஆட்டம் ஆடும்போதே ஐந்து பேரை உட்கார வைக்கட்டும். மாறும்போது ஸ்கோரரிடம் போய்க் கை குறுக்கே வைத்துக் காட்டட்டும். ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நாள் நடித்துக் காட்டட்டும். முதலமைச்சர் கோப்பை வரைக்கும் போகிற அணிகள் இந்தப் பழக்கம் இல்லாமல் போய், அங்கே முதல்முறை டெக்னிக்கல் வாங்கி, ஏன் என்று புரியாமல் திரும்பி வருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

போன மாதம் ஒரு சாயங்காலம், உத்திரமேரூரிலிருந்து புக்கத்துறை போகும் ரோட்டில், ஒரு பள்ளி மைதானத்தில் வண்டியை நிறுத்தினேன். எம்-சாண்ட் லாரிகள் கிளப்பும் தூசி வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தது. உடற்கல்வி ஆசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். “கோடு போட்டா உக்காருவானுங்களா சார்?” என்றார். போட்டுப் பார்க்கலாம் என்றேன். ஒரு பையனைக் கூப்பிட்டு அறையிலிருந்து சுண்ணாம்புத் தூள் எடுத்து வரச் சொன்னார். டேப் பிடித்து, நடுக்கோட்டிலிருந்து ஐந்து மீட்டர் அளந்தோம். முனைக்கோட்டை நீட்டினோம். பெஞ்சை அதற்குள் இழுத்துப் போட்டோம். ஸ்கோரர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி.

பயிற்சி ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒருவன் வழுக்கி விழுந்தான். பெஞ்சில் நான்கு பேர் எழுந்தார்கள். ஒருவன் கோடு வரைக்கும் ஓடி வந்து, கீழே பார்த்து, நின்றான். சுண்ணாம்பு அவன் பெருவிரலில் ஒட்டியிருந்தது. விழுந்தவன் தானாக எழுந்து கையை உதறிக்கொண்டு ஓடினான். நின்றவன் திரும்பிப் போய் உட்காரவில்லை. நேராக மேசைக்கு நடந்தான். இரண்டு கைகளையும் மார்புக்கு முன் குறுக்காக வைத்துக் காட்டிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, விசில் பிடித்திருந்த ஆசிரியரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.